கராஜில் மாமியாரின் தனிக்குடித்தனம்

வெளிமாநிலத்துல இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் நாலு ஒண்ணா உட்கார்ந்தா பேச்சு எங்கே ஆரம்பிச்சாலும் கடைசியில ஒரே இடத்துலதான் வந்து நிக்கும். "ஊர்ல அம்மா தனியா இருக்காங்க." அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டோம். யாராவது எழுந்து காபி போடப் போயிடுவாங்க.

வதோதராவுல பதினெட்டு வருஷமா இருக்கிற எங்க வீட்டுலயும் அதே கதைதான். ரிஃபைனரி, ஓஎன்ஜிசி, ரயில்வே, வங்கின்னு இந்த ஊருக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் நிறைய. எல்லார் வீட்டுலயும் ஒரு அம்மாவோ அப்பாவோ ஊர்ல இருப்பாங்க. கூட்டிட்டு வருவோம், ரெண்டு மாசம் இருப்பாங்க. அப்புறம் "வெத்தலை கிடைக்கலை, பேச ஆள் இல்லை, மாடியில அடைஞ்சு கிடக்க முடியலை"ன்னு நவஜீவன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போடச் சொல்லுவாங்க.

எங்க கதையில அந்த அம்மா என் மாமியார். மாயவரத்துல தனியா இருந்தாங்க. மாமனார் பள்ளிக்கூட வாத்தியார், 2019-ல் போயிட்டார். மச்சான் மஸ்கட்டுல. 2024 செப்டம்பர்ல கொல்லைப்புறப் படியில வழுக்கி விழுந்து, இடுப்புல மயிரிழை விரிசல். ஆபரேஷன் வேண்டாம், ஆனா இனிமே மாடிப்படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தங்கமணி ஒன்றரை மாசம் ஊர்ல போய் இருந்தாங்க. அங்கிருந்து தினமும் ராத்திரி போன் வரும். "என்னங்க, அம்மாவை இங்க விட்டுட்டு வரமாட்டேன்." நானும் "கூட்டிட்டு வா"ன்னுதான் சொன்னேன்.

எங்கே வச்சுக்கறது? அதுதான் கேள்வி.

இங்கே 'டூப்ளெக்ஸ்'னு சொல்ற வீடு எங்களுது. கீழே ஹால், சமையல்கட்டு, ஒரு சின்ன பாத்ரூம். மேலே மூணு படுக்கையறை. கீழே படுக்க இடமே கிடையாது. ஆனா ஹாலுக்குப் பக்கத்துலயே, கான்கிரீட் கூரையோட, மூணு பக்கம் சுவரோட, ரோட்டைப் பார்த்தபடி 180 சதுர அடியில ஒருத்தர் சொகுசா இருந்தார். அவர் எங்க கார்.

பி.காம். படிச்சவன் புத்தி, உடனே கணக்குதான் போடும். வாங்கின நாள்லேர்ந்து மதிப்பு குறைஞ்சுக்கிட்டே போற ஒரு சொத்து தரைத்தளத்துல, வீட்டுலயே நல்ல இடத்துல இருக்கு. படி ஏறக்கூடாத மனுஷிக்கு மாடியில இடம் இருக்கு. எந்தப் பேரேட்டுல எழுதினாலும் இது டேலி ஆகலை. தங்கமணிகிட்ட போன்ல சொன்னேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. "கார் எங்க நிக்கும்?"னு கேட்டாங்க. "வெயில்ல"ன்னேன்.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துல கராஜுக்கு ஒரு விளக்கம் இருக்கு. கட்டடத் திட்டத்துக்குள்ள வண்டி நிறுத்தற இடம், மேலே கூரை, மூணு பக்கம் சுவர். அவ்வளவுதான். அப்படின்னா நாலாவது சுவரை எழுப்பிட்டா அறை ஆகிடும்னு தோணும். நானும் தங்கமணியும் ஷட்டர் முன்னாடி நின்னு டேப்பைப் பிடிச்சப்போ எங்களுக்கும் அப்படித்தான் தோணிச்சு. அந்த நாலாவது சுவருக்கு ஆன வேலை மொத்தத்துல பத்துல ஒரு பங்குகூட இல்லை.

முதல்ல காகிதம். வண்டி நிறுத்தற இடத்தைக் கட்டட அனுமதியில வழக்கமா எஃப்எஸ்ஐ கணக்குல சேர்க்கமாட்டாங்க. அதையே அறையா மாத்தினா அந்தச் சதுர அடி கணக்குக்குள்ள வந்துடும். வண்டிக்கு வேற இடமும் காட்டணும். வீட்டுக் கடன் பாக்கியிருந்தா, கட்டடத்தை மாத்த அடமானம் வாங்கினவங்க சம்மதமும் வேணும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை வருஷமா மத்தவங்க பிளானையும் கட்டின வீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். வீட்டை விக்கப் போறப்போ, "இது பிளான்ல இல்லையே"ன்னு மதிப்பீட்டாளர் ஒரு வரி எழுதினா போதும், விலை இறங்கிடும். அனுமதி இல்லாத கட்டுமானங்களை முறைப்படுத்தறதுக்குன்னே குஜராத் அரசு 2011-லயும் 2022-லயும் தனிச் சட்டம் கொண்டு வரவேண்டியிருந்ததுன்னா, எத்தனை பேர் காகிதத்தை விட்டுட்டு வீட்டை மட்டும் கட்டியிருப்பாங்கன்னு பார்த்துக்குங்க. எங்களுக்கு எஃப்எஸ்ஐ மிச்சம் இருந்தது. வீட்டு முன்பக்கத்துல கார் நிக்க இடமும் இருந்தது. ஒரு ஆர்க்கிடெக்ட் மூலமா திருத்தின பிளான் போட்டு, அனுமதி கைக்கு வர மூணு மாசம் ஆச்சு.

கூடவே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரையும் கூப்பிட்டோம். குஜராத்துல இருந்துக்கிட்டு கராஜ்ல கை வைக்கிறவங்க 2001 ஜனவரி 26-ஐ மறக்கக்கூடாது. பூகம்பம் வந்தது கட்ச் பக்கம். ஆனா இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால இருக்கிற அகமதாபாத்துல அடுக்குமாடிகள் சரிஞ்சுது. தரைத்தளத்தைச் சுவர் இல்லாம தூண்ல மட்டும் நிறுத்தி, பார்க்கிங்குக்காகத் திறந்து விட்டிருந்த கட்டடங்கள்தான் அதுல நிறைய. மேலே கனம், கீழே காலி. எங்க வீடு ஒரு மாடிதான், தூணும் பீமும் உள்ளது. "சுவர் சேர்க்கறதுல பயமில்லை, இருக்கிற தூணையும் பீமையும் ஒரு அங்குலம்கூடக் கொத்தக்கூடாது"ன்னு இன்ஜினீயர் சொன்னார். அதை ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கிட்டேன். வங்கிப் புத்தி!

அடுத்தது தரை. கராஜ் தரை வீட்டுத் தரையைவிட ஒண்ணரை அடி கீழே. வண்டி ஏறி இறங்கணும், கழுவின தண்ணி ரோட்டுக்கு ஓடணும்னு சரிவா வேற போட்டிருந்தாங்க. 2024 ஆகஸ்ட் கடைசியில இங்கே வந்த வெள்ளத்தைச் செய்தியில பார்த்திருப்பீங்க. விஸ்வாமித்ரி ஆறு 35 அடிக்கு மேல போச்சு. தெருவுக்குள்ள முதலை வந்ததைத்தான் டிவியில திரும்பத் திரும்பக் காட்டினாங்க. எங்க தெருவுக்கு முதலை வரலை, தண்ணி வந்தது. காரை முன்னாடியே கொண்டுபோய் மேம்பாலத்துல விட்டிருந்தேன். காலி கராஜ்ல தண்ணி நின்னு வடிஞ்ச பிறகு, சுவர்ல காவி நிறத்துல ஒரு கோடு. டேப் வச்சுப் பார்த்தா 14 அங்குலம். வீட்டுத் தரை 18 அங்குலம். நாலு அங்குலத்துல தப்பிச்சிருந்தோம்.

அதனால கராஜை வீட்டுத் தரைமட்டத்துக்கு உயர்த்தியே ஆகணும். இன்னும் மூணு அங்குலம் கூட்டினா என்னன்னு நான் கேட்டேன். "வீட்டுக்கும் அறைக்கும் நடுவுல ஒரு படி வந்துடும். அந்த மூணு அங்குலத்துல அம்மா மறுபடி விழுவாங்க"ன்னாங்க தங்கமணி. வெள்ளம் எப்பவோ ஒரு தடவை வரும், அத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை நடப்பாங்க. 18 அங்குலம்னு முடிவாச்சு. கரண்டு பிளக் எல்லாத்தையும் நாலு அடி உயரத்துல வைக்கச் சொல்லிட்டோம்.

கூரை உயரமும் இடிக்கலை. தேசியக் கட்டட விதித்தொகுப்புல கராஜுக்கு 2.4 மீட்டர் உயரம் போதும், மனுஷங்க வசிக்கிற அறைக்கு 2.75 மீட்டர் வேணும். எங்களுக்குத் தரையை உயர்த்தின பிறகும் 2.9 மீட்டர் இருந்தது. அதே தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதியில தரைப் பரப்புல பத்துல ஒரு பங்காவது, கதவு நீங்கலா, ஜன்னல் இருக்கணும்னு சொல்லுது. பாத்ரூம் போக மீதி 156 சதுர அடிக்கு 16 சதுர அடி ஜன்னல். முன்பக்கம் மூணரைக்கு மூணரையில ஒண்ணு, பக்கச் சுவர்ல ஏற்கனவே இருந்த ரெண்டுக்கு ரெண்டு. கச்சிதமா வந்தது.

இவ்வளவும் காகிதத்துல முடிஞ்ச சமயத்துல அத்தைகிட்டேர்ந்து போன். தங்கமணி அதுக்கு முன்னாடியே வதோதரா திரும்பியிருந்தாங்க. ஊர்ல பக்கத்து வீட்டுப் பெண் அத்தையைப் பார்த்துக்கிட்டிருந்தது. என்னைத்தான் கூப்பிடச் சொன்னாங்களாம்.

"மாப்பிள்ளை, நான் வரேன். ஆனா மூணு விஷயம். எனக்குத் தனி வாசல் வேணும். தனி அடுப்பு வேணும். மாசம் வாடகை வாங்கிக்கணும். சரின்னா சொல்லுங்க, பெட்டியைக் கட்டறேன்."

பொண்ணைக் கொடுத்த வீட்டுல கை நனைக்கறதில்லைன்னு வளர்ந்த தலைமுறை. கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷத்துல அத்தை எங்க வீட்டுல சேர்ந்தாப்போல பத்து நாளுக்கு மேல தங்கினது பையன் பிறந்தப்போ மட்டும்தான். "சரி அத்தை"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

தங்கமணிக்குத்தான் ஆறலை. "பெத்தவகிட்ட வாடகை வாங்கற பொண்ணுன்னு மாயவரம் பூராப் பேசணுமா? நீங்க எப்படி சரின்னு சொல்லலாம்?" நான் பதில் சொன்னேன், அவங்க அதுக்குப் பதில் சொன்னாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேசறதை நிறுத்திட்டோம். ஆனா வேலையை நிறுத்தலை. உத்தராயணத்துக்கு ஊரே மொட்டைமாடியில பட்டம் விட்டு முடிச்ச அடுத்த ஞாயித்துக்கிழமை, 'மோரம்'னு இங்கே சொல்ற சரளை மண்ணை வாசல்ல கொட்டிட்டுப் போயிட்டான் டிராக்டர்காரன்.

ஏன் நீங்களே செஞ்சீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. கான்ட்ராக்டர் சொன்ன தொகை நாலரை லட்சம். பையன் காலேஜ் ஃபீஸ் கட்டற வருஷம். கடன் வாங்கலாம். ஆனா பழைய வரிமுறையில இருக்கிறவனுக்குக்கூட, சொந்தமா குடியிருக்கிற வீட்டைப் பழுதுபார்க்க, மாத்தியமைக்க வாங்கற கடன் வட்டியில வருஷத்துக்கு 30,000 வரைதான் கழிவு. வீடு வாங்க, கட்டன்னா ரெண்டு லட்சம். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் தங்கமணி. "எங்க அம்மா ரூமை நான் கட்டறேன்"னு சொல்லிட்டாங்க. மாமனார் வீட்டுக் கொல்லையில சுவர் வைக்கும்போது அவர் பூசறதைக் கூட நின்னு பார்த்து வளர்ந்தவங்களாம்.

நாங்க செய்யாத வேலைகளையும் சொல்லிடறேன். ஷட்டரைக் கழட்டினது வெல்டிங் கடைக்காரர். முன்பக்கம் ஒண்ணரை அடிக்கு மண்ணைத் தாங்கற செங்கல் சுவர் கட்டினதும், கோட்டா கல் பதிச்சதும் ஒரு கடியா, அதாவது நம்ம ஊர்க் கொத்தனார். தண்ணிக் குழாய், கழிவுக் குழாய், கரண்டு எல்லாம் அந்தந்த வேலைக்காரங்க. இதுல கை வைக்கிற அளவுக்கு எங்களுக்குத் தைரியமில்லை, வைக்கவும் கூடாது. மீதியெல்லாம் நாங்க.

மண் நிரப்பற கணக்கைக் கேளுங்க. 18 அங்குலத்துல மேல் கான்கிரீட்டும் கல்லும் போக, நிரப்ப வேண்டியது 13 அங்குலம். 180 சதுர அடிக்கு ஏறக்குறைய 195 கன அடி. கெட்டிச்சா ஒம்பது டன் வரும். ஒரு இரும்புச் சட்டிக்கு 15 கிலோன்னா 600 சட்டி. வங்கிகளுக்கு 2015 செப்டம்பர்லேர்ந்து ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை லீவு. ஞாயிறோட சேர்த்தா மாசம் ஆறு நாள் கைக்கு வரும். நாளைக்கு 75 சட்டி, எட்டு நாள். எக்ஸெல் ஷீட்டுல போட்டு ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினேன். தங்கமணி அதைப் பார்த்துச் சிரிக்கலை. நாங்கதான் பேசிக்கலையே.

அவங்க சட்டியில மண்ணை அள்ளி நிரப்புவாங்க. நான் தூக்கிட்டுப் போய்க் கொட்டுவேன். அரை அடிக்கு ஒரு தடவை தண்ணி தெளிச்சு திமிசுக் கட்டையால இடிக்கணும். மொத்தமா கொட்டிட்டு மேல மட்டும் இடிச்சா, நாலு மழைக்குப் பிறகு தரை உள்வாங்கிடும். எதிர்வீட்டு காகா தினமும் வந்து நின்னு பார்ப்பார். மேனேஜர் சாஹேப் மண் சுமக்கற காட்சி அவருக்குக் கிடைச்சது பெரிய பாக்கியம். மூணாம் நாள் அவரே ஒரு சட்டியைத் தூக்கினார். அவர் வீட்டு அம்மா சத்தம் போட்டதும் வச்சுட்டார்.

கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி மட்டம் பார்க்கணும். அதுக்கு இப்போ லேசர் எல்லாம் வந்தாச்சு. எங்ககிட்ட இருந்தது கடியா கொடுத்துட்டுப் போன டியூப் லெவல். முப்பதடி ஒல்லி பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணி. ஒரு முனையை ஒருத்தர் வீட்டுத் தரையில வச்ச குறிக்கு நேராப் பிடிக்கணும். இன்னொரு முனையை இன்னொருத்தர் கராஜ் மூலையில பிடிக்கணும். ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே உயரத்துல நிக்கும், அந்த இடத்துல பென்சில்ல கோடு. பூமியில இதைவிட நேர்மையான கருவி கிடையாது. ஒரே சங்கடம், பேசாம இதைச் செய்ய முடியாது.

"இன்னும் மேல."

"போதுமா?"

"ஆடாதீங்க. தண்ணி நிக்கட்டும்."

தண்ணி நிக்க ஒரு நிமிஷம் ஆகும். ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு குழாயையே பார்த்துட்டு நிக்கணும். நாலு மூலை, ஒரு நடு, ஆக அஞ்சு இடம். மூணாவது மூலையில, தண்ணி ஏறி இறங்கிக்கிட்டிருக்கும்போது, தங்கமணி குழாயைப் பார்த்தபடியே சொன்னாங்க.

"அப்பா போனப்புறம் அம்மா யார்கிட்டயும் கை நீட்டலைங்க. அண்ணன் அனுப்பற பணத்தைக்கூட அப்படியே போஸ்டாபீஸ்ல போட்டு வச்சிருக்காங்க. என்கிட்ட நீட்டறதுதான் அவங்களுக்கு எல்லாத்தையும்விடக் கஷ்டம் போல."

நான் ஒண்ணும் சொல்லலை. ஆடினா தண்ணியும் ஆடும்.

"வாங்கிக்குங்க வாடகையை. ஆனா நீங்க வாங்கிக்குங்க. என்னால அவங்க கையிலேர்ந்து வாங்க முடியாது."

கோடு போட்டேன். அடுத்த மூலைக்குப் போனோம்.

அதுக்கப்புறம் வேலை வேகமா போச்சு. மண்ணுக்கு மேல ஈரம் ஏறாம இருக்க கனமான பாலிதீன் ஷீட் விரிச்சோம். நாலு அங்குல கான்கிரீட், ஒண்ணுக்கு நாலு எட்டு கலவை, ஆறு மூட்டை சிமெண்ட். அன்னிக்கு மட்டும் ரெண்டு ஆள் கூலிக்கு வச்சுக்கிட்டோம். நாங்க வாங்கினப்போ சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 18 ஆக்கிட்டாங்க. அந்த வித்தியாசத்தைத் தங்கமணி இன்னும் சொல்லிக் காட்டறாங்க, ஏதோ நான்தான் ஜிஎஸ்டி கவுன்சில் தலைவர் மாதிரி :-)

சுவருக்கு ஏஏசி பிளாக். செங்கல் மாதிரி கனமில்லை. ரெண்டடி நீளம், ஆறு அங்குல கனத்துல ஒரு கல் பத்துப் பன்னிரண்டு கிலோதான், கை ரம்பத்தால அறுக்கலாம். உள்ளே காத்துப் புரை நிறைய இருக்கறதால வெயிலும் லேசில் உள்ளே இறங்காது. வதோதரா மே மாசத்துல, மேற்குப் பார்த்த சுவருக்கு, அது சின்ன விஷயமில்லை. இதுக்கு மணலும் சிமெண்டும் கலந்த சாந்து வேண்டாம், பையில வர்ற பசைப்பொடியைத் தண்ணியில குழைச்சு மெல்லிசாத் தடவினாப் போதும். "தோசை மாவு பதம்"னாங்க தங்கமணி. அதோட தீர்மானமாயிடுச்சு, யார் கொத்தனார் யார் சித்தாள்னு. அவங்க கரணையைப் பிடிச்சாங்க, நான் கல் எடுத்துக் கொடுத்தேன். நான் தடவினா கட்டி தட்டுது, அவங்க தடவினா ஒரே சீரா வருது. ரசமட்டம் வச்சு, தூக்குக்குண்டு விட்டு, ஒவ்வொரு கல்லையும் ரெண்டு தடவை சரிபார்ப்பாங்க. முன்சுவருக்குக் கல் இருபதுகூட ஆகலை. பாத்ரூம் தடுப்புச் சுவருக்குத்தான் ஐம்பது போச்சு.

பாத்ரூம் நாலுக்கு ஆறு. தரையை உயர்த்தினதுல ஒரு லாபம், கழிவுக் குழாய்க்கு வாட்டம் தாராளமாக் கிடைச்சது. நாலு அங்குலக் குழாய்க்கு நாப்பது அடிக்கு ஒரு அடி சரிவுன்னு பிளம்பர் வச்சார். வழுக்காத மோர்பி டைல்ஸ், ரெண்டு பக்கம் கைப்பிடிக் கம்பி, கதவு வெளிப்பக்கம் திறக்கறது. உள்ளே யாராவது விழுந்தா, உள்பக்கம் திறக்கற கதவைத் தள்ளவே முடியாது. வயசானவங்க இருக்கிற எல்லார் வீட்டுலயும் இந்தக் கதவு விஷயத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க. எதிர்மூலையில ஒரு சின்னக் கல் மேடை, மேல இண்டக்‌ஷன் அடுப்பு. அது ரெண்டாவது நிபந்தனை.

முதல் நிபந்தனை, தனி வாசல். வண்டி ஏறின சரிவை இடிச்சுட்டு மூணு படி, கைப்பிடியோட. படிக்குப் பக்கத்துல ரெண்டடி அகலத்துல ஒரு மேடை. குஜராத்தில அதுக்கு 'ஓட்லோ'ன்னு பேர். அச்சு அசலா நம்ம ஊர்த் திண்ணைதான். சாயங்காலமானா பொம்பளைங்க உட்கார்ந்து ஊர்க்கதை பேசறதை 'ஓட்லா பரிஷத்'னு கிண்டல் பண்ணுவாங்க. புதுசாக் கட்டற வீடுகள்ல ஓட்லோ காணாமப் போய் அந்த இடத்துக்குக் கார் வந்துடுச்சு. எங்க வீட்டுல கார் போய் ஓட்லோ வந்தது. திருத்தின பிளான்லயே அதையும் காட்டியிருந்தோம்.

மே கடைசியில பெயிண்ட் அடிச்சு முடிச்சோம். மொத்தச் செலவு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரத்துச் சொச்சம். எங்க கூலி அதுல இல்லை. ஷட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டதுல வந்த வரவை தங்கமணி எடுத்துக்கிட்டாங்க, கொத்தனார் கூலியாம்.

2025 ஜூன்ல, மழை பிடிக்கறதுக்கு முன்னாடி அத்தை வந்து சேர்ந்தாங்க. நவஜீவன்ல ஒன்றரை நாள், கூட மச்சான் பையன். வந்ததும் வீட்டுக்குள்ள வரலை. மூணு படியையும் எண்ணி ஏறி, புது வாசல்ல நின்னு, கதவைத் தட்டிப் பார்த்தாங்க. "வேப்பமரமா?" "இல்லை அத்தை, பிளைவுட்." "ம்." அவ்வளவுதான். அடுப்பைப் போட்டுப் பாலைக் காய்ச்சினாங்க. அந்தப் பாலைத்தான் எங்களுக்கும் கொடுத்தாங்க. இருபத்திரெண்டு வருஷத்துல அவங்க அடுப்புல காய்ச்சின பாலை எங்க வீட்டுல நாங்க குடிச்சது அன்னிக்குத்தான். தங்கமணி டம்ளரை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க.

ஜூலை ஒண்ணாம் தேதி காலையில ஹால் பக்கக் கதவைத் தட்டிட்டு அத்தை வந்தாங்க. ஒரு கவர்ல 1,500 ரூபாய். எனக்கு ஒரு யோசனை இருந்தது. அவங்க பேர்லயே ஒரு ரெக்கரிங் டெபாசிட் போட்டுட்டா, வருஷக் கடைசியில ஏதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகும். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அத்தை சொல்லிட்டாங்க.

"மாப்பிள்ளை, இதை என் பேர்லயே திருப்பிப் போட்டு வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். வாடகைன்னா வாடகை. செலவு பண்ணுங்க."

வாத்தியார் வீட்டு அம்மா. நம்ம மூஞ்சியைப் பார்த்தே விடைத்தாளைத் திருத்திடுவாங்க.

செலவு பண்றேன். அந்த அறைக்கு ஆகிற கரண்டு பில்லுக்குப் போக மிச்சம் பாலுக்கும் பூவுக்கும். ஒவ்வொரு மாசமும் ரசீது கேட்பாங்க, எழுதிக் கொடுக்கறேன். முதல் மாசம் "ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டலையே?"ன்னாங்க. "5,000 ரூபாய்க்கு மேல போனாத்தான் அத்தை"ன்னேன். "அப்போ வாடகையை ஏத்தற எண்ணம் இருக்கா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்க. மாமனார் போனப்புறம் அவங்க சிரிச்சு நான் பார்த்தது அதான் முதல் தடவை.

அந்த ரசீதை எல்லாம் டிரங்குப் பெட்டியில, மாமனாரோட பென்ஷன் புக்குக்குக் கீழ அடுக்கி வச்சிருக்காங்க. ஊர்லேர்ந்து போன் பண்ணி "பொண்ணு வீட்டுலயா இருக்கீங்க?"ன்னு யாராவது கேட்டா, "பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துல, வாடகைக்கு இருக்கேன்"னு சொல்றாங்க. தங்கமணி முதல்ல பல்லைக் கடிச்சாங்க. இப்போ அவங்களே, "அம்மா பக்கத்து வீட்டுலதான் இருக்காங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

நாம எல்லாரும் பெத்தவங்களைக் கூட்டிட்டு வரும்போது கட்டில் வாங்கறோம், கீசர் மாட்டறோம், தமிழ் சேனல் போட்டு வைக்கறோம். அதெல்லாம் வேணும்தான். ஆனா அவங்க ஊர்ல ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரங்களா இருந்தவங்க. யார் உள்ளே வரலாம், எப்போ விளக்கை அணைக்கலாம், இன்னிக்கு என்ன குழம்புன்னு தீர்மானம் பண்ணினவங்க. நம்ம வீட்டுக்கு வந்ததும் அதெல்லாம் ஒரே நாள்ல போயிடுது, சோறு மட்டும் வேளாவேளைக்குக் கிடைக்குது. ரெண்டு மாசத்துல டிக்கெட் போடச் சொல்றது வெத்தலைக்காக இல்லைன்னு எனக்கு இப்போ தோணுது. எல்லார்கிட்டயும் கராஜ் இருக்காது. ஆனா ஒரு அடுப்போ, ஒரு சாவியோ, அவங்க கையால கட்டற ஒரு பில்லோ கொடுக்க முடியும்.

இப்போ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எங்க ஓட்லோவுல இடம் கிடைக்காது. எதிர்வீட்டு காகி, கோடிவீட்டுப் பாட்டி, இன்னும் ரெண்டு பேர். அத்தைக்கு குஜராத்தி தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. "பேசோ, பேசோ"ன்னு குஜராத்தியில உட்காரச் சொல்றதைக் கேட்டுட்டு, "பேசத்தானே வந்தேன், பேசறேன்"னு அத்தை தமிழ்லயே ஆரம்பிச்சுடறாங்க. முறுக்குக்குப் பதிலா கட்டியா, வெங்காய வடகத்துக்குப் பதிலா கீச்சியா பாப்பட்னு பண்டமாற்று நடக்குது.

டிஸ்கி: காரைப் பத்திக் கேக்கறவங்களுக்கு. வெயில்ல நின்னு பம்பர் வெளுத்துப் போச்சு. நல்லா ஓடுது.